மருந்து அட்டையில் ஒரு கையெழுத்து: செவிலியர் ஒழுங்கு நடவடிக்கை குறித்து வாசகர் கேள்விகள்

செவிலியர் பணியில் நேரும் தவறுகள் பற்றியும், அவற்றின் மீது பதிவுக் குழுமங்கள் எடுக்கும் நடவடிக்கைகள் பற்றியும் வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட மருத்துவமனைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவள். மூன்று ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஒரு நைட் ஷிஃப்டில், ஒரு நோயாளிக்கு இரவு 10 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி விட்டுப்போய்விட்டது. விடியற்காலையில்தான் கவனித்தேன். பயத்தில், போட்டுவிட்டதாக மருந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருப்புக் கணக்கில் ஒரு மருந்துக் குப்பி கூடுதலாக இருந்ததால் விஷயம் வெளியே வந்துவிட்டது. மேலாளர் விசாரணை நடத்தி, இங்குள்ள செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி.க்கும் எழுதிவிட்டார். ஒரே ஒரு டோஸ் விட்டுப்போனதற்காக என் பின் நம்பரையே, அதாவது செவிலியர் பதிவு எண்ணையே, பறித்துவிடுவார்களா? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: ‘ஒரே ஒரு டோஸ் விட்டுப்போனதற்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. உங்கள் மீதான குற்றச்சாட்டு அதுவல்ல என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் ஒரு டோஸ் விட்டுப்போவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கவனித்த உடனே பொறுப்புச் செவிலியரிடமும் டாக்டரிடமும் சொல்லி, சம்பவ அறிக்கையையும் எழுதியிருந்தால், அநேகமாக அந்த விஷயம் வார்டு அளவிலேயே முடிந்திருக்கும். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகக் கையெழுத்திட்டதுதான் இப்போது வழக்கு. காலையில் வார்டுக்கு வரும் டாக்டர் அந்த அட்டையைப் பார்த்து, மருந்து தவறாமல் போயும் காய்ச்சல் இறங்கவில்லையே என்று எண்ணி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றியிருக்கக்கூடும். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் நல்ல காலம். அதை உங்கள் வாதமாக முன்வைக்காதீர்கள்.

என்.எம்.சி. எனப்படும் பிரிட்டனின் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் கவுன்சில் 2015இல் வெளியிட்டு 2018இல் திருத்திய நடத்தை நெறியின் 10ஆம் பிரிவு, பதிவேடுகளைப் பொய் கலவாமல் எழுதச் சொல்கிறது. 14ஆம் பிரிவு, தவறு நேர்ந்தால் அதை நோயாளியிடமும் மற்றவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லச் சொல்கிறது. விட்டுப்போன பதிவைப் பின்னர் எழுதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எழுதும் நேரத்தையே நேரமாகக் குறித்து, இது பின்னர் எழுதும் குறிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். தவறாக எழுதிய வரியை அழிக்கக் கூடாது; கீழே உள்ள எழுத்து படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட வேண்டும். கணினியில் பதிவு செய்யும் மருத்துவமனைகளில் எந்த நிமிடத்தில் யார் எதை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகிவிடும் என்பதால், அங்கே மறைப்பது நடக்கவே நடக்காது.

இனி நடைமுறைக்கு வருவோம். வந்த புகாரை முதலில் பரிசீலித்து, விசாரிக்கத் தக்கது என்று தோன்றினால் ஆதாரங்களைத் திரட்டுவார்கள். அதன்பின் இரண்டு வழக்குப் பரிசீலகர்கள் கோப்பைப் பார்ப்பார்கள். ஒருவர் பதிவு பெற்ற செவிலியர் அல்லது பேறுகாலச் செவிலியர், மற்றவர் தொழிலுக்கு வெளியே உள்ளவர். அவர்கள் அறிவுரையோடோ எச்சரிக்கையோடோ முடிக்கலாம், உங்களிடம் சில உறுதிமொழிகளைப் பெற்று முடிக்கலாம், அல்லது மூவர் குழு முன்பாக விசாரணைக்கு அனுப்பலாம். இதற்கிடையே, பொதுமக்களின் பாதுகாப்புக்குத் தேவை என்று கருதினால், பணியைக் கட்டுப்படுத்தும் அல்லது நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவு ஒன்றும் வரக்கூடும். அது அதிகபட்சம் 18 மாதங்களுக்கானது; அதற்கு மேல் நீட்டிக்க உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இடைக்கால உத்தரவு வந்துவிட்டாலே குற்றம் உறுதியாகிவிட்டது என்று பலர் மனமுடைந்துபோகிறார்கள். அந்தக் கட்டத்தில் எந்த உண்மையையும் யாரும் முடிவு செய்வதில்லை.

விசாரணைக் குழு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கும்: குற்றம் சாட்டப்பட்டது நடந்ததா, நடந்தது தொழில் ஒழுக்கக்கேடா, இன்றைக்கு நீங்கள் பணிசெய்யும் தகுதி அதனால் குறைந்திருக்கிறதா, அப்படியானால் என்ன உத்தரவு போடுவது. மூன்றாவது கேள்வியில் உள்ள ‘இன்றைக்கு’ என்ற சொல்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. நடந்ததற்குத் தண்டிப்பது குழுவின் நோக்கமன்று. இனி உங்கள் கையில் நோயாளி பாதுகாப்பாக இருப்பாரா, தொழிலின் மீதான நம்பிக்கை நிற்குமா என்பதே அவர்கள் பார்ப்பது. உத்தரவுகளில் மிக லேசானது 1 முதல் 5 ஆண்டு வரையிலான எச்சரிக்கை. அடுத்து, 3 ஆண்டு வரை நிபந்தனைகளோடு பணி. அதற்கு மேல் ஓராண்டு வரை இடைநீக்கம். கடைசியாகப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம். நீக்கப்பட்டவர் 5 ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். உத்தரவு தவறு என்று கருதினால் 28 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் வழக்கு எங்கே போய் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதில் நேரும் பிழையைப் பயிற்சியால் திருத்திவிடலாம், பொய்யைத் திருத்துவது கடினம் என்பதே கவுன்சிலின் பார்வை. ஆகவே நேர்மைக் குறைவை அவர்கள் எப்போதும் கனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாப் பொய்யையும் ஒரே தராசில் வைப்பதில்லை. பணத்துக்காகச் செய்ததும், திட்டமிட்டுப் பலமுறை செய்ததும் ஒரு பக்கம்; பயத்தில் அந்த நொடியில் ஒரே ஒரு முறை செய்தது மறுபக்கம். நீங்கள் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆனாலும் நோயாளியின் சிகிச்சையோடு தொடர்புள்ள ஒன்றை மறைத்தீர்கள் என்பதும் உங்களுக்கு எதிராக நிற்கிறது. உள் விசாரணையில் மேலாளர் கேட்டபோது முதல் தடவையே ஒப்புக்கொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். மழுப்பியிருந்தால், இப்போதாவது எழுத்து மூலம் நேர்செய்யுங்கள்.

ஊருக்குத் திரும்புவதால் வழக்கு முடியாது. நீங்கள் வராமலேயே விசாரணை நடக்கும், பதில் சொல்லாதவர் என்றே முடிவு எழுதப்படும், அது இணையத்தில் வெளியாகும். பிறகு ஆஸ்திரேலியாவுக்கோ வளைகுடாவுக்கோ விண்ணப்பித்தால், இதுவரை பதிவு பெற்றிருந்த எல்லா இடங்களிலிருந்தும் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். எனவே இருந்து எதிர்கொள்ளுங்கள். ஆர்.சி.என். (ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்) போன்ற செவிலியர் சங்கத்தில் சம்பவம் நடந்தபோதே உறுப்பினராக இருந்தீர்கள் என்றால், வழக்கறிஞர் உதவியை இன்றே கேளுங்கள். சம்பவத்துக்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாக அந்த உதவி கிடைக்காது. வேலை போனால் விசாவுக்கு மருத்துவமனை தரும் ஸ்பான்சர்ஷிப்பும் போகும், வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாக 60 நாட்களே கெடு என்பதால், விசா குறித்துத் தனியாக ஆலோசனை கேளுங்கள். குழுவுக்குத் தரும் சுயபரிசீலனைக் குறிப்பை இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். அந்த இரவில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள், எந்த நிமிடத்தில் பயம் வந்தது, யாரிடம் சொல்லியிருக்கலாம், உங்கள் கையெழுத்தை நம்பி அடுத்த ஷிஃப்ட் செவிலியர் என்ன செய்திருக்கக்கூடும் என்று உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்.

கேள்வி: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். தவறு நேர்ந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் உடனே ஒப்புக்கொண்ட ஒரு செவிலியருக்குக் குற்றத் தீர்ப்பும் கிடைத்து, லைசென்ஸும் போனது என்று படித்தேன். அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: நீங்கள் சொல்வது ரடோண்டா வாட் என்பவரின் வழக்கு. இந்தக் கேள்வியைப் பணியில் இருப்பவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால், நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன்.

2017 டிசம்பர் 26 அன்று, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஸ்கேன் எடுக்க வேண்டிய 75 வயது மூதாட்டிக்குப் பதற்றம் தணிய வெர்சட் என்ற மருந்து எழுதப்பட்டிருந்தது. அதன் பொதுப்பெயர் மிடசோலம். மருந்து வழங்கும் தானியங்கி அலமாரியில் வெர்சட் கிடைக்காததால், வாட் கட்டுப்பாட்டைத் தாண்டித் தேடும் வசதியைப் பயன்படுத்தி, பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். வந்தது வெக்குரோனியம். அது தசைகளை முழுவதும் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தும் மருந்து. வெர்சட் திரவமாக வருவது. இதுவோ பொடி, கரைத்துத்தான் போட வேண்டும். குப்பியின் மூடியிலேயே செயலிழக்கச் செய்யும் மருந்து என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. இத்தனையையும் தாண்டி ஊசி போடப்பட்டது. போட்ட பின் அருகில் இருந்து கண்காணிக்கவும் இல்லை. மூதாட்டி மறுநாள் இறந்தார்.

வாட் தன் தவறைச் சொல்லிவிட்டார். அவரை வேலையிலிருந்து நீக்கிய மருத்துவமனையோ, மரணத்தைப் பற்றி, மரணக் காரணத்தை ஆராயும் அதிகாரியான மருத்துவப் பரிசோதகருக்குச் சொன்னபோது மருந்துப் பிழையைக் குறிப்பிடவில்லை. மாநிலச் சுகாதாரத் துறையும் 2018 அக்டோபரில் நடவடிக்கை தேவையில்லை என்று கடிதம் அனுப்பியது. பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்த பிறகு, மத்திய அரசின் ஆய்வுக் குழு வந்து பார்த்து நவம்பரில் எல்லாவற்றையும் வெளிக்கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் வாட் கைது செய்யப்பட்டார். 2021 ஜூலையில், முன்பு நடவடிக்கை தேவையில்லை என்ற அதே மாநிலத்தின் செவிலியர் வாரியம் லைசென்ஸை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் ஜூரி அவரைக் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி என்று தீர்ப்பளிக்க, மே மாதத்தில் சிறையில்லாமல் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். வாட் லைசென்ஸை இழந்தது உண்மையைச் சொன்னதற்காக அல்ல, அடுத்தடுத்து இருந்த எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் போனதற்காக. அதே சமயம், மறைத்த தரப்பாலும் அதை மறைத்து வைக்க முடியவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பலாம் என்பதற்கு இந்த வழக்கு சான்றாகாது. ஆனால் உங்கள் அச்சத்தில் நியாயம் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தவறை விசாரிக்க வேண்டிய இடம் செவிலியர் வாரியம். நோயாளிக்குத் தீங்கு நினைக்காத ஒருவரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தினால், அடுத்து தவறு செய்கிறவர் சொல்லத் தயங்குவார், அந்தத் தயக்கம் வேறொரு உயிரைப் பறிக்கும் என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்கச் செவிலியர் சங்கமும் அதையே சொன்னது. இந்த வழக்குக்குப் பின் கென்டக்கி மாநிலம் 2024இல், மிகையான அலட்சியமும் வேண்டுமென்றே செய்த தீங்கும் நீங்கலாக, மருத்துவப் பணியாளர்களின் பிழைகளைக் குற்ற வழக்கிலிருந்து விலக்கிச் சட்டம் இயற்றியது.

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மாவுக்கு வேறொரு நோயாளிக்கான ஊசியைப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். ஊசி போட்ட பெண் பற்றிக் கேட்டால் ‘புதுசு, டிரெயினி’ என்று சொல்கிறார்கள். அவர் லைசென்ஸை ரத்து செய்ய எங்கே புகார் கொடுப்பது?

பதில்: அம்மா நலமாக இருப்பது கேட்டு ஆறுதல். ரத்து செய்வதற்கு லைசென்ஸ் ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1926ஆம் ஆண்டு முதலே செவிலியர் சட்டம் இருக்கிறது. அதன்படி சென்னையில் இயங்கும் நர்சிங் கவுன்சில்தான் பதிவு செய்யவும், விசாரித்துப் பெயரை நீக்கவும் அதிகாரம் பெற்றது. அந்தப் பெண்ணின் பெயரையும் பதிவு எண்ணையும் மருத்துவமனையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதிவு இல்லாதவர் என்றால் கவுன்சில் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அப்போது பொறுப்பு முழுவதும் அவரை நோயாளியின் அருகே அனுப்பிய நிர்வாகத்தின் மேல் விழுகிறது.

ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. டைபாய்டுக்குச் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தைக்குத் தவறான ஊசி ரத்தக் குழாயில் ஏற்றப்பட்டு மூளை பாதிக்கப்பட்டது. ஊசி போட்டவர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர். குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாயும் தர உத்தரவிட்ட தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. ‘டிரெயினி’ என்ற பதிலைத் தற்காப்பாக நினைத்துச் சொல்லும் மருத்துவமனை, தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே தருகிறது. ஒரு பயிற்சிப் பெண் தனியாக ஊசி போடும் நிலைக்கு விட்டது யார் என்று கேளுங்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வதை நான் பலமுறை பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. செவிலியர் குறிப்பையும் மருந்து அட்டையையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. அரசு மருத்துவமனையாக இருந்தால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் பிரிவுகளை வைத்து 17(ஏ), 17(பி) என்று ஊழியர்கள் சொல்லும் துறை நடவடிக்கை தனியே நடக்கும். அதில் ஊதிய உயர்வை நிறுத்தலாம், வேலையை விட்டே நீக்கலாம். ஆனால் அதனால் மட்டும் நர்சிங் கவுன்சில் பதிவு போய்விடாது. அதற்குத் தனிப் புகார், தனி விசாரணை. நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தேசியச் செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம், நெறிமுறைக்கும் பதிவுக்கும் ஒரு தனி வாரியத்தையும் மாநில அளவில் ஆணையங்களையும் வகுத்திருக்கிறது. வேலையிழந்தவர் அடுத்த ஊரில் போய் அதே பணியைத் தொடரும் நிலைக்கு அது முடிவு கட்ட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கேள்வி: சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் நெருங்கிய தோழி, மீதமாகும் ஃபென்டனில் என்ற, போதை தரக்கூடிய வலிநிவாரணி மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. அடிக்கடி பாத்ரூம் போகிறாள், மீதியை வீணாக்கியதாக எழுதிவிட்டுப் பிறகு வந்து சாட்சிக் கையெழுத்து கேட்கிறாள். இரண்டு முறை போட்டும் கொடுத்திருக்கிறேன். காட்டிக்கொடுத்தால் அவள் வாழ்க்கையே போய்விடுமே?

பதில்: இனி அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். உங்கள் கண் முன்னால் சிரிஞ்சிலிருந்து கொட்டப்பட்ட மருந்துக்கு மட்டுமே நீங்கள் சாட்சி. ஃபென்டனில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கணக்கு வைக்க வேண்டிய மருந்து என்பதால், பார்க்காததற்குச் சாட்சி சொல்வது உங்களையும் உள்ளே இழுத்துவிடும்.

சொன்னால் அவள் வாழ்க்கை போய்விடும் என்கிறீர்கள். சொல்லாமல் இருந்தால் போவது அவள் உயிராகவே இருக்கலாம். அந்த மருந்தில் அளவு சற்றுக் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சேர வேண்டிய வலிநிவாரணி குறைந்துபோகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அடிமைப்பழக்கம் ஒரு நோய். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1980களிலேயே, இப்படிப்பட்ட செவிலியர்களைச் சிகிச்சைக்கு அனுப்பி, கண்காணிப்போடு பணிக்குத் திருப்பிக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனிலும் உடல்நலக் காரணத்துக்காக மட்டுமே வரும் வழக்கில் எடுத்த எடுப்பில் பெயரை நீக்க முடியாது. நம் ஊரில் அப்படி ஒரு முறையான பாதை இல்லாதது பெருங்குறை. அதற்காகவே, யாரிடம் சொல்வது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் தோழியிடமே பேசி, மனநல மருத்துவரிடம் போகவும் தானாகவே சொல்லவும் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. தனியாகக் கேட்டால் மறுப்பாள், பயத்தில் தற்கொலைவரை போனவர்களும் உண்டு. நர்சிங் சூப்பரின்டென்டென்டையும் மயக்கவியல் துறைத் தலைவரையும் ஒரே நாளில் பாருங்கள். அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். செல்போனில் படம் பிடிப்பது, வாட்ஸ்அப்பில் பகிர்வது எதுவும் வேண்டாம். பிரிட்டனில் மார்கரெட் ஹேவுட் என்ற செவிலியர், முதியோர் வார்டில் நடந்த புறக்கணிப்பைப் பி.பி.சி.க்காக ரகசியமாகப் படம் பிடித்ததற்காக 2009இல் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். அவர் சொன்னது உண்மை, நோக்கமும் நல்லது. ஆனாலும் நோயாளிகளின் அந்தரங்கத்தை மீறியது குற்றமானது. பெரும் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அந்த உத்தரவு ஓராண்டு எச்சரிக்கையாகக் குறைக்கப்பட்டது.

பேசியதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். ‘போதைக்கு அடிமை’ என்று எழுதாதீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது. எந்தத் தேதி, எந்த அறுவை சிகிச்சை, எத்தனை ஆம்பூல் எடுக்கப்பட்டது, நோயாளிக்கு எவ்வளவு போனதாகப் பதிவு, வீணாக்கியதாக எழுதிய அளவு எவ்வளவு, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். பார்க்காமல் கையெழுத்திட்ட அந்த இரண்டு தேதிகளையும் அதே கடிதத்தில் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.